மிளகை ஊதிய குற்றம்

மிளகு வாங்குகிறவன் மூட்டையைப் பிரித்ததும் என்ன செய்வான்? கையை விட்டு ஒரு பிடி அள்ளுவான். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பான். வாயருகே கொண்டுபோய் ஃபூ என்று ஊதுவான். தூசியும் சருகும் பறந்துவிடும். மிச்சத்தில் ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிப்பான். டக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். கொல்லிமலையில் மிளகுக்கொடி மரமேறிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். இதற்குச் சட்டமும் கிடையாது, குழுவும் கிடையாது. அதனால்தான் இத்தனை காலம் ஒழுங்காக நடந்தது.

மலைமேல் பைல் நாட்டுக் குப்புசாமி விற்கிறவர். கீழே துறையூர்ப் பக்கத்து நைனா முகமது வாங்குகிறவர். மலையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. பாய் என்றால் அவர்தான், வேறு பாய் அந்தச் சந்தைக்கு வருவதில்லை. அவருடைய அப்பா புளியஞ்சோலைக் காட்டுத்தடத்தில் உப்பையும் கருவாட்டையும் தலைச்சுமையாக ஏற்றி வந்து, மிளகோடு இறங்கியவர். மகன் குட்டியானை வண்டியில் வந்தார். அவ்வளவுதான் முன்னேற்றம்.

மாசி மாதத்துச் சந்தையில் பாய் வழக்கம்போல் குப்புசாமியின் மூட்டையைப் பிரித்தார். அள்ளினார், தேய்த்தார், ஊதினார், கடித்தார்.

"ஈரம் கெடக்குது கவுண்டரே."

"ஏனுங்க பாய், களத்துல நின்னு நின்னு என்ற முதுகே காஞ்சுபோச்சு. மொளகு காயலீங்கறீங்களா?"

"முதுகக் கடிச்சுப் பாக்க முடியாதுங்களே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் நின்றவன் விமல்ராஜ் ஒருவன்தான். அவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். குப்புசாமிக்கு அக்கா மகன் முறை. கீழே போய் ஏதோ படித்தான், படிப்பு நடுவில் நின்றுவிட்டது, மலைக்குத் திரும்பி வந்து தர்மத்தைக் காக்கும் வேலையில் சேர்ந்துகொண்டான். சம்பளம் இல்லாத வேலை. ஆனால் லீவும் கிடையாது.

அடுத்த சந்தைக்குள் அந்தப் படம் மலையில் இருந்த எல்லா செல்போனுக்கும் போய்ச் சேர்ந்தது. அதில் சனம் சிரித்ததும் இல்லை, பாய் கடித்ததும் இல்லை. ஊதுவது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பின்னால் பயங்கரமான மேளம். மேலே சிவப்பு எழுத்து: "மலை மிளகில் மந்திரம் ஓதித் துப்பும் கொடுமை! இதைத் தின்றால் பிள்ளை பிறக்காது! பகிருங்கள்!"

குப்புசாமியின் மனைவி கண்ணாயி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவரு ஊதுன மொளகுல ரசம் வெச்சுத் தின்னுதான் இந்த ஊட்ல இத்தனையும் பெத்தேன். இன்னும் எத்தன பொறக்கோணுமாமா?"

குப்புசாமிக்கோ பெருமை தாங்கவில்லை. "அது என்ற மூட்டைடா!" என்று டீக்கடையில் எல்லோரிடமும் காட்டினார். விவரம் இல்லாத மனுசன்.

சந்தைநாள் வந்தது. பாய் வண்டியை நிறுத்தி இறங்கியதும் பத்துப் பதினைந்து பேர் சுற்றிக்கொண்டார்கள். விமல்ராஜ் கூட்டிய கூட்டம். பாதிப் பேர் அடிவாரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். மிளகுக்கும் அவர்களுக்கும் பொங்கலன்று பழக்கம், அதோடு சரி. "துலுக்கா, மலைய விட்டு எறங்குடா!" என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். வண்டிக் கண்ணாடி நொறுங்கியது. மூட்டைகள் கிழிந்து மிளகு ரோட்டில் ஓடியது. பாயின் நெற்றியிலிருந்து வழிந்த ரத்தத்தைக் குப்புசாமி தன் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்.

இன்ஸ்பெக்டர் பொறுமையானவர். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு முதல் கேள்வியாக, "எதுக்கு ஊதினீங்க?" என்றார்.

"தூசி போறதுக்குங்க," என்றார் பாய்.

"தூசி போகணும்னா கழுவலாமே."

மிளகைக் கழுவுகிற வியாபாரத்தை இருவரும் கேள்விப்பட்டதில்லை.

"மதத்தச் சொல்லி அடிச்சாங்க சார்," என்றார் குப்புசாமி. "துலுக்கா மலைய விட்டு எறங்குன்னாங்க. நான் பக்கத்துல நின்னேனுங்க."

"துலுக்கன்னா அது ஒரு அடையாளம். நெட்டையா, குட்டையான்னு கூப்பிடறதில்லையா? மலையை விட்டு இறங்குன்னா, அது வழி சொல்றது. இதுல வெறுப்பு எங்கே இருக்கு?"

குப்புசாமி யோசித்துப் பார்த்தார். அடி மட்டும்தான் மிச்சம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் பாயின் தலையைப் பார்த்தார். காயத்தைப் பார்க்கவில்லை. "அன்னைக்குத் தொப்பி போட்டிருந்தீங்களா?"

"இல்லீங்க. வெயிலுக்குத் துண்டு கட்டியிருந்தேன்."

"பாத்தீங்களா? தொப்பி இல்லைன்னா நீங்க முஸ்லிம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அப்பா காலத்துலருந்து வாரமுங்க. எல்லாத்துக்கும் தெரியும்."

"தெரிஞ்சவங்களா? அப்ப பழக்கவழக்கத்துல வந்த சண்டை. வெறுப்புன்னா முன்னப்பின்ன தெரியாதவன் மேலதான் வரும்." அவருக்கே தன் விளக்கம் பிடித்துப்போனது. வளைவில் வண்டி சறுக்கிக் கவிழ்ந்ததாக எழுதச் சொன்னார். நெற்றிக் காயத்தையும் வளைவின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனாலும் அரசாங்கம் பாதிக்கப்பட்டவரைக் கைவிடவில்லை. அவருடைய பாதுகாப்பைக் கருதி, மறு உத்தரவு வரும்வரை நைனா முகமது மலையேறக் கூடாது என்று அடிவாரச் சோதனைச்சாவடிக்குச் சொல்லிவிட்டார்கள். அடித்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. பாவம், அவர்கள் மலையில் இஷ்டத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் சந்தையில் விமல்ராஜின் கூட்டாளி ஒருவன் கொட்டகை போட்டான். "ஊதாத மிளகு நிலையம்" என்று பலகை. ஊதவும் இல்லை, கடிக்கவும் இல்லை. மூட்டையைப் பிரிக்காமலே எல்லாவற்றையும் ஈரம் என்றான், வாய்க்கு வந்த விலையைச் சொன்னான். குப்புசாமி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பாயி மேல வந்தாத்தான் இந்த மூட்ட கீழ போகும்," என்றாள் கண்ணாயி. "போயி யாரையாச்சும் கேளுங்க. ஊட்டுக்குள்ளயே உக்காந்து தாடியத் தடவுனா உத்தரவு வருமா?"

தாடி என்பது வேண்டுதல். காட்டுப்பன்றிகள் கப்பக்கிழங்குக் காட்டை உழுதுபோடுவது நிற்கட்டும் என்று குப்புசாமி எட்டுக்கை அம்மனுக்கு விட்டிருந்தது. பன்றி நிற்கவில்லை. தாடி நெஞ்சுவரை வந்துவிட்டது.

யாரைக் கேட்பது என்று குப்புசாமி அலைய வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. குழு தானே மலையேறி வந்தது. வெறுப்புணர்வு ஒழிப்பு மற்றும் நல்லிணக்க மேம்பாட்டு ஒருங்கிணைப்புக் குழு. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஒருங்கிணைப்பாளர் பூங்குழலி என்கிற அம்மா. ஊர்ச் சனத்தைக் கூட்டி, வெறுப்பைப் புரிந்துகொள்ளும் பயிற்சி என்று ஒன்று நடத்தினார்.

ஆளுக்கொரு துண்டுத்தாளும் பென்சிலும் கொடுத்தார்கள். "உங்க மனசுல அதிகமா எதை வெறுக்கறீங்களோ, மறைக்காம எழுதிப் பானையில போடுங்க. பானையை உடைச்சா வெறுப்பும் உடைஞ்சுடும்."

"அம்மணி, பாயி எப்ப மேல வருவாருங்க?" என்றார் குப்புசாமி.

"அதுக்குத்தாங்கய்யா இந்தப் பயிற்சி. எழுதுங்க."

எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் படம் போட்டார்கள். பானையை உடைத்து எடுத்துப் பார்த்தால் அத்தனை தாளிலும் காட்டுப்பன்றி. படம் போட்டவர்கள் வாலைச் சுருட்டிக்கூடப் போட்டிருந்தார்கள். பூங்குழலி அம்மா ஆடிப்போய்விட்டார். பிறகு தேறிக்கொண்டு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்: இம்மலையில் சமூக வெறுப்பு அறவே இல்லை, உள்ள வெறுப்பு அனைத்தும் பன்றிகள் மீதே உள்ளது, பன்றிகளுக்கும் பொதுமக்களுக்கும் இடையே நல்லிணக்கம் ஏற்படுத்த வனத்துறை ஆவன செய்யலாம்.

அதோடு விடவில்லை. இளைஞர்களிடம் செல்வாக்குள்ள ஒருவரை நல்லிணக்கத் தூதுவராகப் போட வேண்டும் என்றார். யாரிடம் செல்வாக்கு அதிகம் என்று விசாரித்தார்கள். ஒரே மணி நேரத்தில் பதினைந்து பேரைக் கூட்டக் கூடியவன் விமல்ராஜ் என்று தெரியவந்தது. கூட்டிக் காட்டியிருக்கிறானே! வெள்ளைப் புறா போட்ட பனியன் அவனுக்குக் கிடைத்தது.

"பாயோட மண்டைய ஒடச்சதே அவந்தானுங்க," என்றார் குப்புசாமி.

"அதனாலதாங்கய்யா," என்றார் பூங்குழலி அம்மா கனிவாக. "பிரச்சினையை உள்ளேருந்து தெரிஞ்சவங்க நமக்கு வேணும்."

வாசலூர்பட்டி படகுத்துறையில் நல்லிணக்கப் பெருவிழா என்று முடிவானது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூன்று பேரும் ஒரே படகில் ஏரியைச் சுற்றி வர வேண்டும், படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டும். இந்துவுக்குப் பஞ்சமில்லை. கிறிஸ்தவருக்கு, ஒரு இந்துவின் கழுத்தில் சிலுவை மாட்டுவதாக ஏற்பாடு. முஸ்லிம்தான் இடித்தது.

"நெசப் பாயவே கூப்பிட்டா என்னங்க?" என்றார் குப்புசாமி.

"அவர் மலையேறக் கூடாதே. பாதுகாப்பு உத்தரவு இருக்கில்ல?" என்ற பூங்குழலி அம்மாவின் கண் மெதுவாக இறங்கிக் குப்புசாமியின் தாடியில் நின்றது. "ஐயா, மீசையை மட்டும் எடுத்துட்டா அப்படியே…"

"அது அம்மனுக்கு உட்டதுங்க!"

"நீங்க படகுல உக்காந்தா, விழா முடிஞ்சதும் சாயங்காலமே அந்த உத்தரவை ரத்து பண்ணிடலாம். சுமுகநிலை திரும்பிடுச்சுன்னு தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

பாய் மேலே வருவார். மூட்டை கீழே போகும். குப்புசாமி தலையாட்டினார்.

மீசை இல்லாமல் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துக் கண்ணாயி வாசலை மறித்துக்கொண்டாள். "யாருங்க நீங்க? எங்கூட்டுக்காரரு இல்லீங்க." பிறகு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏனுங்க, பாயாப் பொறந்தவரயே அந்த அடி அடிச்சானுக. நீங்க வேசங்கட்டிக்கிட்டு வேற போறீங்களா?"

"போலீசு நிக்குது, குழு நிக்குது. அங்க எவன் அடிப்பான்?"

விழாவன்று ஏரிக்கரை நிறையச் சனம். சுற்றுலா வந்தவர்களும் உண்டு, அடிவாரத்து மோட்டார் சைக்கிள்களும் உண்டு. தூதுவர் விமல்ராஜ் கூப்பிட்டால் வராமல் இருப்பார்களா? குப்புசாமிக்குப் பச்சைக் கட்டம் போட்ட லுங்கி, வெள்ளைத் தொப்பி, கழுத்தில் அத்தர் வாடைக்கு ஏதோ ஒரு சென்ட். நைனா முகமது வாழ்நாளில் சந்தைக்கு அப்படி வந்ததில்லை. குப்புசாமி மிதிபடகை மிதித்தார், சிரிக்கச் சொன்னபோது சிரித்தார், திரும்பச் சொன்னபோது திரும்பினார். சாயங்காலம் எப்போது வரும் என்றுதான் மனசெல்லாம்.

குழுத் தலைவர் மாதேஸ்வரன் மேடையேறினார். பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் ஓயாதவர்.

"பெருமக்களே! நாடெங்கும் வெறுப்பு பரவுகிறது என்கிறார்கள். இந்த மலையில் முஸ்லிம் வெறுப்பு கிடையாது என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஏன் கிடையாது? இந்த மலையில் முஸ்லிம்களே கிடையாது! ஒரே ஒருவர் வந்து போய்க்கொண்டிருந்தார். அவரையும் பத்திரமாகக் கீழே நிறுத்திவிட்டோம். இந்தச் சுமுகநிலையை நாம் என்றென்றும் காப்பாற்ற வேண்டும்!"

கைதட்டினார்கள். தலைவர் இன்னும் உருகினார். "எனக்கே முஸ்லிம் நண்பர்கள் உண்டு. ரம்ஜானுக்குப் பிரியாணி வரும். அவர்கள் கொடுத்தது என்று தெரிந்தும் நான் தின்றிருக்கிறேன்! இதைவிடப் பரந்த மனசு எவனுக்கு இருக்கிறது?"

இதற்கும் கைதட்டினார்கள். பிறகு தலைவருக்கு மலையின் விளைச்சலைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். பலாச்சுளை, கொய்யா, ஒரு சின்னக் கூடை மிளகு. தலைவர் மேடை ஓரத்தில் நின்ற தொப்பிக்காரரைத் தோளில் கைபோட்டு இழுத்து, மைக்கை நீட்டினார். "சொல்லுங்க பாய்! நம்ம மலை மிளகு எப்படி இருக்கு?"

மிளகு எப்படி இருக்கிறது என்று ஒரு மிளகுக்காரனைக் கேட்டால் அவன் கை சும்மா இருக்குமா? குப்புசாமி கூடையில் கையை விட்டார். ஒரு பிடி அள்ளினார். தேய்த்தார். வாயருகே கொண்டுபோய், மைக்கும் சேர்ந்து அலற, ஃபூ என்று ஊதினார்.

"டேய், அதே மாதிரி ஊதறான்டா!"

அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் கூட்டம் மேடையில் இருந்தது. தலைவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்தார். குப்புசாமி எல்லோருக்கும் அடியில் இருந்தார்.

"நான் குப்புசாமிடா! பைல் நாட்டுக் குப்புசாமி!"

"பேரையும் மாத்திக்கிட்டானா? இன்னும் போடுடா!"

புறாப் பனியனோடு விமல்ராஜ் ஓடிவந்து விழுந்து தடுத்தான். "டேய் உடுங்கடா, உடுங்கடா! எங்க மாமன்டா! நம்மாளுடா! தாடி அம்மனுக்கு உட்டது!"

கைகள் நின்றன. அடித்தவர்களில் ஒருவன் குனிந்து குப்புசாமியின் சட்டையைத் தட்டிவிட்டான். உண்மையிலேயே அவனுக்குக் கஷ்டமாகிவிட்டது. "மன்னிச்சுருங்க பெரியப்பா. நெசமாலுமே பாயின்னு நெனச்சு அடிச்சுப்போட்டோம்."

குப்புசாமிக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. வாயெல்லாம் ரத்தம். ஆனாலும் முகம் மலர்ந்துவிட்டது. "சார்! இன்ஸ்பெக்டர் சார்! கேட்டீங்களா? பாயின்னு நெனச்சுத்தான் அடிச்சாங்களாம்! அவனே ஒத்துக்கிட்டான், மைக்குலயே கேட்டுது! இப்பவாச்சும் எழுதிக்குங்க சார். பாய் சொன்னதும் நெசம்தானுங்களே?"

இன்ஸ்பெக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பொறுமையானவர் என்று முன்னமே சொல்லியிருக்கிறது.

"நீங்க முஸ்லிமா?"

"இல்லீங்க."

"அப்ப முஸ்லிம் மேல உள்ள வெறுப்பு உங்க மேல எப்படிப் பாயும்? சட்டத்துல இடம் இல்லை. நைனா முகமது முஸ்லிம், ஆனா தொப்பி இல்லை. உங்களுக்குத் தொப்பி இருக்கு, ஆனா முஸ்லிம் இல்லை. ரெண்டும் பொருந்தி வரணும் பெரியவரே. தொப்பி போட்ட முஸ்லிம் ஒருத்தர் அடி வாங்கிட்டு வரட்டும், அன்னைக்கே கேஸ் போடறேன்."

"சாயங்காலம் உத்தரவு…" என்று பூங்குழலி அம்மாவைப் பார்த்தார் குப்புசாமி.

"சுமுகநிலை கெட்டுப்போச்சேங்கய்யா," என்றார் அவர். குரலில் ஆத்திரம்கூட இருந்தது. "நீங்க ஊதாம இருந்திருந்தா இன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கித் தையல் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து மலை பஸ் ஏறினார் குப்புசாமி. சோதனைச்சாவடியில் பஸ் நின்றது. காவலுக்கு நின்ற பூபதி உள்ளே ஏறி, முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து, குப்புசாமியிடம் நின்றான்.

"எறங்குங்க."

"என்றா பூபதி? என்னயத் தெரியலையா?"

"நல்லாத் தெரியுதுங்க மாமா. அதான் எறங்கச் சொல்றேன்." சாவடிச் சுவரைக் காட்டினான். தொப்பியும் தாடியுமாகக் குப்புசாமி படகில் உட்கார்ந்து சிரிக்கிற படம் ஒட்டியிருந்தது. அதன் கீழே அறிவிப்பு: தாக்குதலுக்கு ஆளாக வாய்ப்புள்ள இந்நபரின் பாதுகாப்பைக் கருதி, மறு உத்தரவு வரும்வரை மலையேற அனுமதியில்லை. பக்கத்திலேயே நைனா முகமதின் படம். இரண்டு படத்துக்கும் கீழே குழுவின் முழுப் பெயர். அது மட்டும் மூன்று வரி.

"என்ற ஊடு மேலடா இருக்குது!"

"உத்தரவுல ஊட்டப் பத்தி ஒண்ணும் போடலீங்க."

பஸ் போய்விட்டது. சாவடிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் நைனா முகமது உட்கார்ந்திருந்தார். உத்தரவு ரத்தாகும் என்று குப்புசாமி முன்பே சொல்லியனுப்பியிருந்ததை நம்பி, கண்ணாடி மாற்றிய வண்டியோடு வந்து காத்திருந்தவர். நெற்றியில் தழும்பு. குப்புசாமியை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்காவப் போயி அடி வாங்கிட்டீங்களாமா கவுண்டரே."

"உங்களுக்காவயா? மூட்டைக்காவ," என்றார் குப்புசாமி. பல் போன இடத்தில் காற்று வந்தது.

சேதி கேட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் கண்ணாயி மூட்டையோடு வந்து இறங்கினாள். புருசனின் வீங்கிய முகத்தைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "மீசையும் போச்சு, பல்லும் போச்சு. பன்னி மட்டும் போகல. ராத்திரிகூட வந்து உழுதுட்டுத்தான் போயிருக்குது," என்றாள். பிறகு மூட்டையைப் பாயின் முன்னால் தள்ளினாள். "பாருங்க பாய்."

நைனா முகமது மூட்டையின் வாயைப் பிரித்தார். ஒரு பிடி அள்ளினார். தேய்த்தார். கை வாயருகே வந்தது. வந்த கை அப்படியே நின்றது. கண் மட்டும் டீக்கடையை, ரோட்டை, சாவடியை ஒரு சுற்றுச் சுற்றியது. சாவடி வாசலில் நின்ற பூபதி சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துக்கொண்டிருந்தான்.

பூபதி மணி பார்த்தான். போனைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகும் பாய் ஊதவில்லை. உள்ளங்கையை விரித்து ரோட்டுப் பக்கமாக நீட்டிக்கொண்டு, காற்று வரட்டும் என்று நின்றார். அன்றைக்குப் பார்த்து அடிவாரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

"ஊதுங்க பாய்," என்றார் குப்புசாமி.

"இருக்கட்டும் கவுண்டரே. இப்ப வந்துரும்."

குப்புசாமியும் பக்கத்தில் நின்று காற்றைப் பார்த்தார்.

கண்ணாயி கொஞ்ச நேரம் பொறுத்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. இருவரையும் தள்ளிக்கொண்டு போய், நீட்டிய உள்ளங்கைக்குக் குனிந்து, அடுப்பூதிப் பழகிய வாயால் ஒரே ஊது ஊதினாள். சருகும் தூசியும் பறந்துபோய்ப் பூபதியின் கண்ணில் விழுந்தது.

"ஐயோ! யாருங்க ஊதுனது?" என்று கண்ணைக் கசக்கினான்.

"நாந்தான். என்ற படத்தயும் செவுத்துல ஒட்டு," என்றாள் கண்ணாயி. "கடிங்க பாய்."

பாய் ஒன்றை எடுத்துக் கடித்தார். டக்கென்று உடைந்தது.